நைனாவின் பன்மைகள்

என் நைனா ஆங்கில வாத்தியார். சித்தூரில் ஒரு தெலுங்கு மீடியம் பள்ளியில் காலமெல்லாம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். அதற்கு முன்பும் பின்பும் விடாமல் வீட்டு மாடியில் டியூஷன் எடுத்தவர். இலக்கணத்தில் எல்லாப் பகுதியும் அவருக்குப் பிடிக்கும், ஆனால் பித்து பிடித்தது ஒன்றின்மேல்தான். லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்த பெயர்ச்சொற்கள் பன்மையாகும்போது பண்ணுகிற சேட்டைகள். மற்ற சொற்கள் வாலில் ஒரு ‘எஸ்’ஸை ஒட்டிக்கொண்டு ஒழுங்காகப் போகும். இவை மட்டும் போகாது. ரேடியஸ் ரேடியை ஆகும். பாக்டீரியம் பாக்டீரியா ஆகும். லார்வா லார்வே, ஆக்ஸிஸ் ஆக்ஸீஸ். பரீட்சையில் வந்தால் ஒரு கேள்வி, வராமல் போனாலும் போகும். இதற்கு நைனா மாதக்கணக்கில் எடுத்துக்கொள்வார்.

அவருடைய முறை ரொம்ப எளிது. உள்ளங்கையால் மேசையில் ஓங்கி ஒரு தட்டு. "ஃபங்கஸ்!" என்பார். பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து "ஃபங்கை!" என்று கத்த வேண்டும். இன்னொரு தட்டு. "ஃபார்முலா!" "ஃபார்முலே!" யோசித்துச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. யோசிக்கிறவன் பரீட்சையில் தப்பு எழுதுவான் என்பது அவர் கட்சி. நடுவில் திடீரென்று "வைரஸ்!" என்று ஒரு கண்ணி வைப்பார். வேகத்தில் பாதிப் பேர் "வைரை" என்று போய் விழுவார்கள். அப்போது மீசைக்கு அடியில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், அதற்காகவே நான் மாடிப்படியில் நின்று வேடிக்கை பார்த்ததுண்டு.

ஏன் சார் இதுங்க மட்டும் இப்படி என்று யாராவது கேட்டால் தெலுங்கில் ஒரு தரம் விளக்குவார், எங்களைப் போன்ற தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒரு தரம். "அதுங்க ஊரு வுட்டு ஊரு வந்ததுங்கடா. ஆல்பம், மியூசியம்லாம் ஊரோட கலந்துடுச்சி. எஸ் போட்டுக்கினு திரியுது. பாக்டீரியம் மாதிரி சிலதுங்க இன்னும் வூட்டு வழக்கத்த வுடல. ஸ்டேடியம்தான் கெட்டிக்காரன். வூட்ல ஸ்டேடியா, வெளியில ஸ்டேடியம்ஸ்."

எனக்கு இந்த மேசைத் தட்டல் எல்லாம் எரிச்சல். பொறுமை என்ற சாமான் என் ஜாதகத்திலேயே இல்லை. எப்போதும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நிற்கிறவள் என்று அம்மா சொல்வாள். படிப்பு முடிந்ததும் முதல் வேலையாகச் சித்தூரை விட்டுத் திருப்பதிக்கு வந்து, அங்கிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் ஸ்ரீசிட்டிக்குப் போய் வருகிறேன். அங்கே ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற பிரிவில் வேலை. பிறர் செய்த பொருளில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். என் குணத்துக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் கிடையாது.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்த நைனா அப்படியே கிணற்றடியில் சாய்ந்துவிட்டார். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு. உயிர் பிழைத்தார். வலது கையும் காலும் துணியாகத் தொங்கின. பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. சித்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அவரையும் அம்மாவையும் திருப்பதிக்கு என் வாடகை வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டேன். கால் வந்துவிடும், கையும் ஓரளவு வரும், பேச்சைப் பற்றி மட்டும் இப்போது சொல்ல முடியாது, முதல் சில மாதங்கள்தான் முக்கியம் என்று டாக்டர் சொன்னார். அந்தச் சில மாதங்கள் என் தலைக்குள் உட்கார்ந்துகொண்டன. ஒவ்வொரு நாளும் பொழுது சாயும்போது, இன்றைக்கும் ஒரு நாள் போயிற்றே என்று கணக்குப் போடுவேன். நைனா மறுபடி பேச வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பேச்சுப் பயிற்சி தருகிற ஒரு சின்ன கிளினிக்கில் சேர்த்தோம். பயிற்சி கொடுப்பவள் என்னைவிடச் சின்னவள். எண்ணெய் வைத்து இழுத்து வாரிய தலை, மெதுவான குரல். முதல் நாள் நைனாவை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு எங்களிடம் கேட்டாள்: "இன்ட்லோ ஏம் மாட்லாடுதாரு?" வீட்டில் என்ன பேசுவீர்கள்?

"தெலுகே மேடம்," என்றோம் அம்மாவும் நானும், ஒரே குரலில்.

அன்று முதல் பயிற்சி நடந்தது. படம் போட்ட அட்டையைக் காட்டுவாள். "இதி ஏமி சார்?" ஒரு டம்ளர் தண்ணீர். "நீள்ளு. செப்பண்டி சார், நீள்ளு." நைனா அட்டையைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார், உதட்டைக் கோணுவார். "தத்தத்தா," என்பார். அவருக்கு மிச்சமிருந்தது அந்த ஒலி ஒன்றுதான். பசு, தத்தத்தா. சாவி, தத்தத்தா. அதைச் சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே தப்பென்று தெரிந்து கண்ணை மூடிக்கொள்வார். ஐம்பது பிள்ளைகளைக் கத்த வைத்த மனுஷன். எனக்கு அந்த அறையில் உட்கார முடியாது. எழுந்து ஜன்னலுக்குப் போவேன், தண்ணீர் பிடிக்கப் போவேன், வெளியே செருப்பு விடும் இடத்தில் போய் நிற்பேன். "கொஞ்சம் குந்துடி, ஒன்னப் பாத்தா எனக்கே படபடன்னு வருது," என்று அம்மா அதட்டுவாள்.

வாரங்கள் போயின. கால் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைவரை போனார். வாயில் ஒன்றும் வரவில்லை.

லீவு தீர்ந்துபோய், பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை என்றால் போனைக் காதில் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடப்பது. ஒரு நாள் மேலதிகாரி ஏதோ புள்ளிவிவரம் காணவில்லை என்று குதித்தார். எனக்கும் கோபம் வந்து சத்தமாகச் சொன்னேன். "சார், ரிப்போர்ட்டோட ரெண்டு அப்பெண்டிக்ஸஸ் அனுப்பியிருக்கேன், அதத் தொறந்து பாருங்க."

"அப்பெண்டிஸீஸ்!"

கட்டிலிலிருந்து. கணீரென்று. பழைய குரல், பழைய கோபம், ஓர் எழுத்து குழறவில்லை.

நான் அப்படியே நின்றேன். போனில் அதிகாரி "யாரு மேடம் அது?" என்று கேட்டார். "எங்க நைனா சார்," என்று சொல்லி வைத்துவிட்டேன். அம்மா கையில் கரண்டியோடு ஓடிவந்தாள். நைனா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பேசியது யார் என்று அவரும் தேடுவதுபோல இருந்தது.

"நைனா," என்றேன். கட்டில் சட்டத்தில் ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். "ரேடியஸ்!"

"ரேடியை!"

"பாக்டீரியம்!"

"பாக்டீரியா!"

"மெமோரண்டம்!"

"மெமோரண்டா!"

அம்மா கரண்டியோடு தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது. எனக்குத் தெரிந்த அத்தனை லத்தீன் சொல்லையும் எடுத்துக் கேட்டேன். சின்ன வயதில் மாடிப்படியில் நின்று, வேண்டாம் வேண்டாமென்று காதில் விழுந்ததெல்லாம் அன்றைக்கு உதவியது. லார்வா, கரிக்குலம், ஆக்ஸிஸ், நியூக்ளியஸ். ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைசியில் மூச்சு வாங்க, "தண்ணி வேணுமா நைனா?" என்று கேட்டேன்.

"தத்தத்தா," என்றார்.

அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் வீடியோ கால் போட்டாயிற்று. போனில் பார்த்தவர்கள் போதாதென்று நேரில் வர ஆரம்பித்தார்கள். மலைக்கு வந்தவர்கள் இறங்கிப் போகிற வழியில் எங்கள் வீட்டிலும் ஒரு தரிசனம். அம்மா காபி போட்டுக்கொண்டே இருந்தாள். நான் கட்டிலைத் தட்ட, நைனா பன்மை சொல்ல, வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஆங்கிலமே தெரியாத ஓர் அத்தை, "இன்னாமா பேசுறாரு, அப்டியே வெள்ளக்காரன் மாதிரி," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கிளினிக்கில் இதைப் போய்ப் பெருமையாகச் செய்து காட்டினேன். அந்தப் பெண் முழுவதும் கேட்டாள். சந்தோஷப்பட்டாள், ஆனால் அளவாக. பேச்சு போனவர்களில் சிலர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார்கள், சுலோகம் முழுவதும் ஒப்பிப்பார்கள் என்று தெலுங்கில் நிதானமாகச் சொன்னாள். பல வருஷம் வாய் பழகியது தானாக உருளும். அவர் நினைத்து அதைச் சொல்லவில்லை. நினைத்ததைச் சொல்ல வந்தால்தான் பேச்சு. அவருக்கு நாம் சொல்வது நிறையப் புரிகிறது, ஆனால் இந்தப் பன்மையைப் பேச்சு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அவள் சொன்னது சரிதான் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. அதனாலேயே அவள்மேல் ஆத்திரம் வந்தது. ஆட்டோவில் வீடு திரும்பும்வரை அம்மாவிடம், இவளுக்கு என்ன தெரியும், சின்னப் பொண்ணு, இவள் பேசுகிற தெலுங்கே ஒரு தினுசாக இருக்கிறது என்று பொரிந்து தள்ளினேன். "நெல்லூர் பக்கமோ இன்னாவோ," என்றாள் அம்மா.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சோதனை செய்தேன். கட்டிலைத் தட்டாமல், பக்கத்தில் குனிந்து, சாதாரணமாகக் கேட்டேன். "வைரஸ்?"

"வைரஸஸ்," என்றார். சரியான விடை. நான் விடையைக் கேட்கவில்லை, மீசைக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் அசையவில்லை. கண்ணி வைக்கிறவர் அங்கே இல்லை, விடை மட்டும் இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. நைனாவின் சேமிப்பில் எல்லாம் போய், இந்தச் சனியன் பிடித்த பன்மை மட்டும்தான் மிஞ்சியதா? அம்மாவை எப்படிக் கூப்பிடுவார் என்பது போயிற்று, என்னைத் திட்டுவது போயிற்று, சோறு வேண்டும் வேண்டாம் என்பது போயிற்று, லார்வே மட்டும் நிற்கிறதா?

அந்த வாரம் வீட்டைப் பெருக்கிவிட்டு வரச் சித்தூருக்குப் போனேன். தெருமுனைக் காய்கறிக்கடைக்காரர் தராசை வைத்துவிட்டு ஓடிவந்தார். "சார் மாட்லாடுதுன்னாரா?" சார் பேசுகிறாரா? என்ன சொல்ல? பேசுகிறார் என்றால் பொய், பேசவில்லை என்றாலும் பொய். "மாட்லாடுதாரு," என்றேன். அவர் மேலே பார்த்துக் கும்பிட்டார். எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை. பெருக்கியது பாதி, பெருக்காதது பாதி, பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். திரும்பும் பஸ்ஸில் இடம் காலியாக இருந்தும் சந்திரகிரிவரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன். கண்டக்டர் இரண்டு தரம் உட்காரச் சொல்லிப் பார்த்துவிட்டு, அப்புறம் என்னைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

அதற்கடுத்த பயிற்சி நாளில்தான் அது நடந்தது. வழக்கம்போல அட்டை, வழக்கம்போல நீள்ளு, வழக்கம்போல தத்தத்தா. நடுவில் அந்தப் பெண்ணின் போன் அடித்தது. வீட்டிலிருந்து போலிருக்கிறது. எங்களிடம் கையால் மன்னிப்புக் கேட்டுவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பித் தணிந்த குரலில் பேசினாள்.

"இன்னாமா? பாப்பா துன்னாளா? ஜொரம் எறங்கிச்சா? நான் சாங்கால ரயில்ல வந்துர்றேன். நீ கஞ்சி வெச்சிக் குடு."

அம்மா என் கையைக் கிள்ளினாள். நானோ நைனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தலையை முழுவதும் திருப்பி அந்தப் பெண்ணின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் இத்தனை வாரமாக அவர் முகம் அப்படி விழித்து நான் பார்த்ததில்லை.

அவள் போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். "இன்னாமா, நீ தமிழா?" என்றாள் அம்மா.

அவள் எங்களைப் பார்த்தாள். "நீங்க...?"

"நாங்க தமிழ்தான்."

"வூட்ல இன்னா பேசுவீங்க?"

"தமிழ்தான்."

"தெலுங்குன்னு சொன்னீங்களேக்கா!" என்று என்னிடம் திரும்பினாள். முதல் முறையாக அவள் குரல் உயர்ந்தது. "மொத நாளு நான் கேட்டனா இல்லியா?"

கேட்டாள். இவள் காட்பாடிக்காரி, தினமும் ரயிலில் வந்து போகிறவள். வேலைக்காகத் தெலுங்கு கற்றுக்கொண்டவள். எங்கள் தெலுங்கைக் கேட்டு, அனந்தபூர் பக்கத்து ஆட்கள்போல என்று நினைத்திருக்கிறாள். ஆக, மூன்று தமிழ்க்காரிகள் ஓர் ஊமையான தமிழனை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் தெலுங்கில் குடும்பம் நடத்தியிருக்கிறோம்.

ஏன் அப்படிச் சொன்னோம் என்று கேட்டால் என்ன சொல்வது? சித்தூர்க்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து ஒருவர் எந்த பாஷை என்று கேட்டால் எங்கள் வாய் தானாகத் தெலுங்கு என்று சொல்லும். பள்ளிக்கூடத்தில், ரேஷன் கடையில், தாலுகா ஆபீசில் அப்படிச் சொல்லியே பழக்கம். தமிழ் என்றால், அப்போ நீ தமிழ்நாடா, இங்கே எதற்கு வந்தாய், அட்ரஸ் ப்ரூஃப் காட்டு என்று நீளும். பரம்பரையாக இங்கேயே இருக்கிறோம் என்று யாரிடம் நின்று கதை சொல்வது? ஒரு சொல்லில் முடிந்துவிடும் வேலைக்கு அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே வராது. நினைத்துச் சொன்னால்தானே பொய்.

"போச்சா? எல்லா நாளும் வீணாப் போச்சா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே அன்னியமாக இருந்தது.

"வீணுன்னு சொல்ல முடியாதுக்கா. அவருக்குத் தெலுங்கும் நல்லாத் தெரியும். ஆனா வூட்டு பாஷையிலதான் மொதல்ல புடிக்கணும்." அட்டைகளை எடுத்து ஓரமாக வைத்தாள். நைனாவின் இடது கையைப் பிடித்து மேசைமேல் வைத்தாள். "சார், இத்தினி நாளு எனுக்குத் தெரில. மன்னிச்சிக்கோங்க," என்றாள் தமிழில். நைனாவின் கண்ணில் நீர் கட்டியது.

அவள் செய்ததுதான் புத்திசாலித்தனம். உருண்டு வருகிற அந்தப் பன்மைப் பாட்டையே கருவியாக எடுத்துக்கொண்டாள். அவருடைய இடது கையைத் தன் கையோடு சேர்த்து மேசையில் தட்டினாள். "ரேடியஸ்?" "ரேடியை." "ஃபங்கஸ்?" "ஃபங்கை." நாலைந்து இப்படி ஓடவிட்டு, அதே தட்டு, அதே ராகத்தில் "தண்ணி?" என்று கேட்டு, அவளே "குடு!" என்று முடித்தாள். மறுபடி ரேடியஸ், மறுபடி தண்ணி. வீட்டிலும் செய்யச் சொன்னாள். காலை, மாலை என்று நான் பேயாகச் செய்தேன். லைட்டு, போடு. கதவு, சாத்து. ஒரு நாள் காலை, "தண்ணி?" என்று தட்டினேன். அவர் வாய் எங்கெங்கோ போய், "...குடு" என்று வந்தது.

அம்மா டம்ளரோடு ஓடிவந்தாள். அவர் குடிக்கவில்லை. தாகமே இல்லை. தண்ணி என்றால் குடு, அவ்வளவுதான். ஃபங்கஸ் என்றால் ஃபங்கை போல. கதவு சாத்தியே இருக்கும், "சாத்து" என்பார். லைட்டு எரிந்துகொண்டிருக்கும், "போடு" என்பார். அம்மா இதற்கே மஞ்சள் துணியில் காசு முடிந்துவைத்தாள். எனக்கு ஆறவில்லை. இதுவும் ஒப்பித்தல்தானே? லத்தீன் போய்த் தமிழ் வந்ததைத் தவிர என்ன மாறியது? "அவசரப்படாதீங்கக்கா, வழி தொறந்துகினு கீது," என்றாள் அந்தப் பெண். எனக்கு அவசரப்படாமல் இருக்கத் தெரியாது. டாக்டர் சொன்ன அந்த முதல் மாதங்கள் கையிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தன. தினமும் அவரைத் தட்டித் தட்டிக் கேட்டேன். சோறு தின்னும்போது கேட்டேன், முகம் துடைக்கும்போது கேட்டேன். சில சமயம் அவர் பதில் சொல்லாமல் கண்ணை மூடிக்கொள்வார். களைப்பு என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் நாகலாபுரத்திலிருந்து என் தாய்மாமா வந்தார். அம்மாவின் தம்பி; அவர் நைனாவை மாமா என்றே கூப்பிடுவார். பழமும் பூவும், கையில் புதுப் போனும். வாசலில் செருப்பை விடும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"அங்க யாரும் நம்ப மாட்டேன்றாங்க மாமா. வாத்தியாருக்கு வாயே போயிட்ச்சி, இங்கிலீஷ் மட்டும் பேசுறாருன்னா சிரிக்கிறானுங்க. இன்னிக்கி வீடியோ எடுத்துக்கினுதான் போவேன்."

நைனா சாய்வாக உட்கார்ந்திருந்தார். மாமா எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு போனை நீட்டினார். அவருக்கு நாலு வார்த்தை நானே எழுதிக் கொடுத்தேன். கேட்பது எப்படி என்று கட்டிலைத் தட்டியும் காட்டினேன்.

"பாக்டீரியம்!" என்றார் மாமா.

நைனா பேசவில்லை.

"தட்டணும் மாமா," என்றேன். தட்டினார். "பாக்டீரியம்!"

நைனா ஜன்னலைப் பார்த்தார். உருண்டு வருவதை யாரும் தடுக்க முடியாது என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அது வரவில்லை. உதடு இறுகியிருந்தது.

"காலையிலகூடச் சொன்னாரே," என்றாள் அம்மா, தம்பிக்கு முன்னால் மானம் போகிற குரலில். "சொல்லுங்க, தம்பி எவ்ளோ தூரத்துலேந்து வந்துகீறான். ரேடியஸ்னா இன்னா?"

"ஒரே ஒரு தபா மாமா. ஃபங்கஸ்?" மாமா போனை இன்னும் கிட்டே கொண்டுபோனார். "ஃபங்கஸ்? சொல்லு மாமா. ஃபங்கஸ்?"

நைனா திரும்பி மாமாவைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது.

"நா..." என்றார். "நா... இன்னா... கொரங்கா?"

மாமாவின் கை தானாக இறங்கியது. அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். யாரும் கற்றுக்கொடுக்காத வாக்கியம். எந்தத் தட்டுக்கும் பதில் இல்லாத வாக்கியம். என் நைனா உள்ளே உட்கார்ந்து, எங்கள் கூத்தையெல்லாம் பார்த்து, கோபப்பட்டு, சொல்லைத் தேடி எடுத்து, மூன்றையும் வரிசையில் வைத்துச் சொன்னது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமாவிடமிருந்து போனைப் பிடுங்கினேன். நைனாவின் முகத்துக்கு நேரே நீட்டினேன். "நைனா! இன்னொரு தபா சொல்லு நைனா! அந்தப் பொண்ணுக்கு அனுப்பணும், சொல்லு! நா இன்னா... அப்பறம்? சொல்லு நைனா!"

அவர் என்னைப் பார்த்தார். இத்தனை மாதத்தில் அப்படிப் பார்த்ததில்லை. சுகமான இடது கையைத் தூக்கி, போனை மெதுவாக ஓரமாகத் தள்ளினார். சொற்கள் ஒவ்வொன்றாக, சேற்றில் கால் வைத்து எடுப்பதுபோல வந்தன.

"ஒரு தபா... சொன்னா... புரியாதா... உனுக்கு?"

போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தேன். "புரிஞ்சிது நைனா," என்றேன்.